மாப்பிள்ளை வந்து சேர்கிற வீடு: மட்டக்களப்பு, அம்பாறைக் கலியாணங்களில் வித்தியாசமாகப் படம் எடுப்பது பற்றி

களுவாஞ்சிகுடிப் பக்கத்தில் கலியாண வீடுகளுக்குப் படம் எடுக்கத் தொடங்கியிருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவரிடம் ஒரு கமராவும் இரண்டு லென்ஸும் இருக்கின்றன. "எடுக்கிற அல்பம் எல்லாம் ஒரே மாதிரி வருகிறது. பாசிக்குடா, கல்லடிப் பாலம், கலர்ப் புகை, பலூன் எல்லாம் எல்லாரும் செய்து முடித்துவிட்டார்கள். இது இந்தக் குடும்பத்துக்கென்றே எடுத்தது என்று சொல்லும்படி எப்படி எடுப்பது? ட்ரோன் வாங்கினால் சரிவருமா?"

தம்பி, பதில் கொஞ்சம் நீளமாக வரும். ட்ரோன் விசயத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

கேரளாவிலோ சென்னையிலோ ஒருவர் புதிதாக ஒரு போஸ் கண்டுபிடிக்கிறார். அது போனில் வருகிறது. ஒன்றிரண்டு மாதத்தில் வாழைச்சேனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் எல்லா ஸ்டூடியோவும் அதையே எடுக்கிறது. வெளியிலிருந்து கொண்டுவருகிற புதுமைக்கு ஆயுள் அவ்வளவுதான். கடையில் வாங்கக்கூடிய சாமானை எல்லாரும் வாங்கலாம். அந்த வீட்டில் மட்டும் கிடக்கிற ஒன்றை வேறு யாரும் எடுக்க ஏலாது. ஆகவே நீங்கள் தேட வேண்டிய இடம் கலியாண வீடு, அதுவும் கலியாணத்துக்கு முந்தின நாட்களில்.

வீடு என்று நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்: சுவர், கதவு, முற்றம், கிணற்றடி. நாம் பார்க்கிற இந்திய வீடியோக்களில் பெண் பிறந்த வீட்டை விட்டுப் புறப்படுகிறாள். நமது பக்கத்தில் பெரும்பாலும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இது பொதுவான வழக்கம். குடி என்கிற குலம் தாய்வழியில் போகிறது, வீடும் பெண்பிள்ளைகளுக்கே போகிறது. மூத்தவளுக்கு இருந்த வீட்டைக் கொடுத்துவிட்டு, தாயும் தகப்பனும் இளைய பிள்ளைகளோடு அதே வளவிலோ அடுத்த வளவிலோ இன்னொரு வீடு கட்டிப் போவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். பெண்பிள்ளை பிறந்த நாளிலிருந்து ஒரு குடும்பத்தின் உழைப்பெல்லாம் போய்ச் சேர்கிற இடம் அந்த வீடு. மத்திய கிழக்கில் வீட்டு வேலை செய்து தாய் அனுப்பிய காசில் எழும்பிய சுவர்கள் நமது ஊர்களில் எத்தனை!

அப்படியிருக்க, அல்பத்தைத் திறந்தால் அந்த வீடு எங்கே? மண்டபம் இருக்கும், சாட்டின் துணி இருக்கும், பொம்பிளையின் நகை பக்கம் பக்கமாக இருக்கும். வீடு, ஆலாத்தி (ஆரத்தி) எடுக்கிற ஒரு படத்தின் ஓரத்தில் அரைக் கதவாகத் தெரியும். என்னைக் கேட்டால் நமது கலியாணப் படங்களின் பெரிய குறை இதுதான். உங்கள் கேள்விக்கு முதல் பதிலும் இதுதான். வீட்டைப் படம் எடுங்கள்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். செட்டிபாளையத்தில் ஒரு வீடு, கலியாணத்துக்கு முதல்நாள் பின்னேரம். குசினியில் பலகாரம் சுடுகிற சத்தம், முற்றத்தில் பந்தல் வேலை. பொம்பிளையின் தகப்பன் மேசன் தொழில் செய்கிறவர். அவர் முன்கதவு நிலைக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெயின்ற் டின்னோடு குந்தியிருந்தார். நிலையின் அடியில் மழைத்தண்ணி ஊறிப் பெயின்ற் கிளம்பியிருந்தது. அதைத் தேய்த்து, விரல் அகலத் தூரிகையால் ஒரே திசையில் இழுத்து இழுத்துப் பூசிக்கொண்டிருந்தார். முற்றத்து வெளிச்சம் பக்கவாட்டில் வந்து அவருடைய கையில் விழுந்தது. நகக்கண்ணில் சீமெந்து, புறங்கையில் காய்ந்துபோன சுண்ணாம்பு, மணிக்கட்டில் அன்று காலை கோயிலில் கட்டிய நூல். 35 மில்லிமீற்றர் லென்ஸை 2.8இல் திறந்து, ஃபிளாஷ் போடாமல், நானும் குந்தியிருந்து எடுத்தேன். அவர் நிமிர்ந்து பார்க்கவேயில்லை. மறுநாள் மாப்பிள்ளை வலது காலை எடுத்து வைத்து அதே நிலையைக் கடந்து உள்ளே வந்தபோது, அதே இடத்தில் அதே உயரத்தில் குந்தியிருந்து இன்னொன்று எடுத்தேன். அல்பத்தில் இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் வந்தன. அந்தத் தகப்பன் அல்பத்தை வாங்கிப் புரட்டிக்கொண்டு வந்தவர், அந்த இடத்தில் நிறுத்திவிட்டார்.

இதில் செலவு ஒன்றும் இல்லை. முதல்நாள் போனதும், நின்ற இடத்தை ஞாபகம் வைத்திருந்ததும்தான் வேலை. ஒரே இடத்தை இரண்டு நேரத்தில் எடுப்பதை ஒரு பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். முதல்நாள் வெறும் மணவறை, மறுநாள் ஆட்களோடு. விடிய முன் கிணற்றடி, பிறகு பொம்பிளையின் தோழிகள் முகம் கழுவுகிற கிணற்றடி. எல்லா வீட்டிலும் செய்யலாம், ஆனால் எந்த இரண்டு வீட்டிலும் படம் ஒன்றுபோல வராது.

வீட்டை வைத்து எடுக்கக்கூடிய இன்னொன்று: அம்மம்மா, அம்மா, பொம்பிளை, அக்காவுக்குப் பெண்குழந்தை இருந்தால் அதுவும். நாலு பேரையும் முன்கதவு நிலையில் நிறுத்தி ஒரு படம். போஸ் சொல்ல வேண்டாம், சிரிக்கச் சொல்லவும் வேண்டாம். நேராகக் கமராவைப் பார்க்கட்டும். அந்தக் கதவு யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பது அந்த ஒரு படத்திலேயே இருக்கும். காலை வெளிச்சத்தில், முகத்துக்கு ஒப்பனை தொடங்க முன் எடுத்துவிடுங்கள். ஒப்பனை முடிந்தால் பொம்பிளையை அவ்வளவு நேரம் யாரும் உங்களுக்குத் தரமாட்டார்கள்.

அடுத்தது மாப்பிள்ளை வீடு. இதைக் கட்டாயம் யோசியுங்கள். பொம்பிளை பிரியாவிடையில் அழுவதற்காக லென்ஸை மாற்றி வைத்துக்கொண்டு காத்திருக்கிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். அவள் எங்கே போகிறாள்? நாளைக்கும் அதே குசினியில்தான் தேத்தண்ணி ஊற்றப் போகிறாள். பிள்ளையைக் கொடுத்துவிட்டு வெறுமையாக நிற்கிற வீடு மாப்பிள்ளையின் வீடு. அங்கே பெரும்பாலும் ஒரு கமரா மட்டும் போய், தலையில் பாலும் அறுகம்புல்லும் வைப்பதையும் தலைப்பாகை கட்டுவதையும் எடுத்துவிட்டு, மாப்பிள்ளையின் காரோடு சேர்ந்து புறப்பட்டுவிடும்.

நீங்கள் அந்தக் காரில் ஏறாதீர்கள். கடைசி வானில் போங்கள். ஆரையம்பதியில் ஒரு வீட்டில் அப்படி நின்றேன். மேளம் தெருமுனை தாண்டிவிட்டது. வான்காரர் ஹோர்ன் அடிக்கிறார். வீட்டைப் பூட்டக் கடைசியாக நின்றவர் மாப்பிள்ளையின் தாய். கதவைப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்தார். படியால் இறங்கியவர், மகன் கழற்றிப் போட்டுவிட்டுப் போன ரப்பர் செருப்பு இரண்டும் ஆளுக்கொரு பக்கம் கிடந்ததைக் கண்டு, குனிந்து எடுத்துச் சோடியாகச் சுவரோரம் வைத்தார். பிறகு வானில் ஏறினார். அவ்வளவுதான் நடந்தது. மாப்பிள்ளைக்கு அந்தப் படம் இருப்பதே அல்பம் வந்த பிறகுதான் தெரியும். இரண்டு வீட்டுக்கும் நீங்கள் ஒருவரே ஓட ஏலாது என்றால், கூட வருகிற உதவியாளரை மண்டபத்துக்கு அனுப்பிவிட்டு நீங்கள் மாப்பிள்ளை வீட்டில் நில்லுங்கள். மண்டபத்தில் அந்த நேரம் ஆட்கள் வந்து கதிரையில் இருப்பது மட்டும்தான் நடக்கும்.

இதெல்லாம் கண்ணில் பட வேண்டும் என்றால் முதலே அந்தக் குடும்பத்தோடு கதைத்திருக்க வேண்டும். கலியாணத்துக்கு ஒரு கிழமை முதல் ஒரு நாள் கமரா இல்லாமல் போய்த் தேத்தண்ணி குடியுங்கள். பொம்பிளையிடமும் மாப்பிள்ளையிடமும் கேட்டால் போனைத் திறந்து தாங்கள் சேர்த்து வைத்திருக்கிற படங்களைக் காட்டுவார்கள். அதையும் மரியாதையாகப் பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டொன்றை எடுத்துக் கொடுங்கள், அது அவர்களின் ஆசை. ஆனால் விசயம் கிடைப்பது தாயிடமும் மாமியிடமும் பெரியம்மாவிடமும். இந்த வீட்டில் ஆகப் பழைய சாமான் எது என்று கேட்டுப் பாருங்கள். அம்மம்மாவின் வெற்றிலை வட்டா வரும், ஒரு பித்தளைச் செம்பு வரும், மருதமுனைத் தறியில் நெய்த ஒரு சாரி வரும், பன்பாய் வரும். வெளிநாட்டிலிருந்து கனகாலத்துக்குப் பிறகு யார் வருகிறார்கள் என்று கேளுங்கள். அவர் வளவுக்குள் கால் வைக்கிற நேரம் நீங்கள் அங்கே நிற்க வேண்டும். பொம்பிளைக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தது யார், அவளைத் தூக்கி வளர்த்தது யார் என்றும் கேளுங்கள். அந்த ஆள் மண்டபத்தில் ஏழாவது வரிசையில் இருப்பார், யாரும் மேடைக்குக் கூப்பிட மாட்டார்கள். யாருக்கும் யாருக்கும் கதை பேச்சு இல்லை என்பதையும் மெதுவாகத் தெரிந்துகொள்ளுங்கள். குடும்பப் படத்தில் அந்த இரண்டு பேரையும் பக்கத்தில் நிறுத்தி நெருங்கி நில்லுங்கள் என்று சொன்னால் அந்த மேடையே இறுகிப் போகும்.

பழைய சாமானைக் கண்டதும் அதை எடுத்து மேசையில் வைத்து, மோதிரத்தை மேலே வைத்துப் படம் பிடிக்கிற பழக்கம் வேண்டாம். வெற்றிலை வட்டா அம்மம்மாவின் மடியில் இருக்கட்டும், அவர் பாக்கு வெட்டட்டும். சாமானைப் புழங்குகிற கையோடு எடுத்தால்தான் அது யாருடையது என்று தெரியும்.

இனி, இல்லாமல் போனவர்கள். நமது கரையில் இதைத் தவிர்த்துக் கலியாணப் படம் எடுக்க ஏலாது. யுத்தத்தில் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து படங்களைத் தொலைத்த குடும்பங்கள் வாவிக்கு மேற்கே படுவான்கரை முழுக்க இருக்கின்றன. 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி நாவலடி, கல்லடி, மருதமுனை, கல்முனை, காரைதீவு, திருக்கோவில் என்று கரையோரம் முழுவதும் வீடுகளையே கொண்டுபோனபோது அல்பங்களும் போயின. தாய் தகப்பனின் கலியாணப் படத்தைக் கண்ணால் காணாத பொம்பிளைகள் இன்றைக்கு மணவறையில் இருக்கிறார்கள். நீங்கள் செய்யக்கூடிய ஆகப் பெரிய காரியம் அங்கே இருக்கிறது. கனடாவிலும் லண்டனிலும் சுவிஸிலும் இருக்கிற உறவினர்களின் பெட்டிக்குள் அந்தப் பழைய கலியாணத்தின் பிரதி ஒன்று கிடக்கலாம். பேப்பரை வெளிச்சமான ஜன்னலோரம் மட்டமாக வைத்து, கண்ணாடியோ பிளாஸ்ரிக் தாளோ மேலே இல்லாமல், போனை நேர் மேலே பிடித்து ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கறையை ஓரளவு துடைத்து, நல்ல மட் தாளில் அச்சடித்து, கலியாணத்துக்கு முதல்நாள் தாயின் கையில் கொடுங்கள். பார்க்கிற நேரம் கமராவைத் தூக்குவதா இல்லையா என்பதை அந்த இடத்தில் நின்று முடிவு செய்யுங்கள். சில வீடுகளில் தூக்காமல் இருப்பதுதான் சரி.

இறந்துபோன தகப்பனை அடையாள அட்டைப் படத்திலிருந்து வெட்டி, குடும்பப் படத்தில் பொம்பிளைக்குப் பக்கத்தில் நிறுத்திக் கொடுக்கச் சொல்லி இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். குடும்பம் கேட்டால் மறுக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் நானாக அதைச் செய்து கொடுப்பதில்லை. வேறொருவரின் உடம்பில் ஒட்டிய முகமும், இல்லாத வெளிச்சமும் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் உறுத்தும். அதைவிட, பொம்பிளை மண்டபத்துக்குப் புறப்பட முன் சுவரில் இருக்கிற தகப்பனின் படத்துக்கு முன்னால் நின்று கும்பிடுவாள். அதற்கு முன்கூட்டியே போய்ப் படத்தின் கண்ணாடியில் ரியூப் லைட் அடிக்காமல் லைட்டை அணைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்து வையுங்கள். கண்ணாடியில் அவளுடைய முகமும் மெல்லத் தெரிகிற கோணம் ஒன்று இருக்கும். முதல்நாளே நின்று பார்த்துக் கண்டுபிடித்து வையுங்கள். ஒட்டுவேலை எதுவும் இல்லாமல் இரண்டு பேரும் ஒரே படத்தில் இருப்பார்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு விசயம், விதவைத் தாய். சில வீடுகளில் தாலி கட்டுகிற நேரம் அவர் மணவறைக்குக் கிட்ட வரமாட்டார். யாரும் வரவேண்டாம் என்று சொல்லியிருக்கவும் மாட்டார்கள், அவராகவே ஒதுங்கி ஒரு தூணுக்குப் பின்னாலோ கதவோரத்திலோ நிற்பார். தனி ஆளாக அந்தப் பிள்ளையை வளர்த்து, வீட்டைக் கட்டி, அந்தக் கலியாணத்தை நடத்துகிறவர் அவர்தான். யுத்தமும் கடலும் நமது மாவட்டங்களில் இப்படி எத்தனையோ பேரைத் தனியே விட்டிருக்கின்றன. அந்தத் தாய் எங்கே நிற்பார் என்று முதலே தெரிந்துகொண்டு, ஒரு நீள லென்ஸை அவருக்காக ஒதுக்கி வையுங்கள். அவரிடம் முதலே ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள். "அம்மா, அந்த நேரம் உங்களையும் ஒரு படம் எடுப்பேன், சரியா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொன்னவர்கள் குறைவு. அந்தப் படம் இல்லாத அல்பத்தை நான் முழுமையான அல்பமாக நினைப்பதில்லை.

தாலி கட்டுகிற நேரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், எல்லாரும் எடுப்பதுதானே. ஐயரிடம் முதலே போய் நீங்கள் நிற்கிற பக்கத்தைச் சொல்லுங்கள். வீடியோக்காரரோடும் பேசி, யார் எந்தப் பக்கம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். கெட்டிமேளம் தொடங்கினால் மாப்பிள்ளையின் நண்பர்கள் எல்லாரும் போனோடு எழும்புவார்கள், ஆகவே கொஞ்சம் உயரமாக நிற்க ஏதாவது ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். முடிச்சு விழுந்ததும் கமராவை இறக்கிவிடாதீர்கள். பெண்கள் பக்கம் திரும்புங்கள்.

அங்கே குரவை இருக்கிறது, பெண்கள் சேர்ந்து வாயால் எழுப்புகிற மங்கல ஒலி. நமது மண்ணின் கலியாணத்துக்கு இதைவிடப் பெரிய அடையாளம் ஒன்றும் இல்லை, இருந்தும் நல்ல குரவைப் படம் ஒன்று எந்த அல்பத்திலும் கிடைப்பதில்லை. பழைய முஸ்லிம் கலியாண வீடுகளிலும் குரவை இருந்தது. முன்னுக்கு நின்று தொடங்குவது எப்போதும் ஒரு மூத்த பெண். அவருடைய உதடு குவிந்து, கழுத்து நரம்பு எழும்பி, கண் பாதி மூடியிருக்கும். பின்னால் நிற்கிற இளம்பிள்ளைகள் முயன்று பார்த்து, சத்தம் வராமல் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். நேர் முன்னால் போய் நின்றால் அவர் வெட்கப்பட்டு நிறுத்திவிடுவார். பக்கவாட்டில், நாலைந்து முகம் அடுத்தடுத்து வரிசையாக விழுகிற கோணத்தில், 85 மில்லிமீற்றர் லென்ஸோடு நில்லுங்கள். உங்களிடம் இருக்கிற இரண்டு லென்ஸில் ஒன்று 50 என்றால் அதுவும் போதும், இன்னும் கிட்டப் போங்கள். ஷட்டர் 1/250க்குக் குறையாமல் இருக்கட்டும். அறுகம்புல்லும் அரிசியும் சேர்ந்த அறுகரிசி விழுகிற நேரமும் அதேதான். எறிகிற கைகளைத் தேடுங்கள், விழுகிற தலைகளை எல்லாரும் எடுத்துவிடுவார்கள்.

வெளிச்சத்தைப் பற்றிக் கேட்கவில்லை, என்றாலும் சொல்லாமல் விட ஏலாது. நாம் இருப்பது பூமத்திய கோட்டுக்கு வடக்கே எட்டுப் பாகைக்கும் குறைவான தூரத்தில். ஏப்ரல் 10ஆம் திகதியை அண்டியும் செப்டெம்பர் தொடக்கத்திலும் நடுமத்தியானச் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். சித்திரைக் கலியாணமும் ஆவணிக் கலியாணமும் அதற்குள்தான் வருகின்றன. முற்றத்தில் அந்த நேரம் படம் எடுத்தால் கண் இரண்டும் கறுத்த குழியாகிவிடும். இதற்கு நமது பெரியவர்களிடம் மருந்து இருந்தது, பந்தலுக்கு வெள்ளை கட்டுவது. உச்சி வெயில் அந்த வெள்ளைத் துணியால் வடிந்து இறங்கும்போது கிடைக்கிற வெளிச்சத்தை எந்த ஸ்டூடியோ லைட்டும் தராது. இப்போது நீலம், ரோஸ் என்று சாட்டின் கட்டுகிறார்கள், அந்த நிறம் முழுக்க முகத்தில் இறங்குகிறது. முதல்நாள் போகும்போது பந்தல்காரரிடம் பேசி, பக்கத்துக்கு என்ன நிறமும் கட்டட்டும், மேலே மட்டும் வெள்ளையாக விடச் சொல்லுங்கள். காரணத்தைச் சொன்னால் செய்வார்கள்.

மண்டபத்துக்குள் பிரச்சினை வேறு. நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், ஆகவே மலிவான எல்ஈடி விளக்குகள் செக்கனுக்கு 100 தடவை மங்கி எழும்பும். ஷட்டர் வேகமாக இருந்தால் படத்தில் கறுத்த கோடுகள் விழும். 1/100 அல்லது 1/50இல் எடுத்தால் பெரும்பாலும் தப்பலாம். சத்தமில்லாத இலத்திரனியல் ஷட்டரை அங்கே பாவிக்காதீர்கள், கோடு கூடும். குரவைக்கு நான் சொன்ன 1/250இல் கோடு விழுகிறதா என்று ஆட்கள் வர முன் ஒன்றிரண்டு எடுத்துப் பாருங்கள். விழுந்தால் அந்த இடத்துக்கு ஃபிளாஷை மேலே திருப்பிப் போடுங்கள். மணவறைக்குப் பின்னால் ஊதாவும் நீலமுமாக மாறிக்கொண்டிருக்கிற விளக்குகளைச் சடங்கு நடக்கிற நேரம் மட்டும் நிறுத்தி வைக்கச் சொல்லிக் கேளுங்கள். மஞ்சள் பூசிய முகத்தில் ஊதா வெளிச்சம் விழுந்தால் பிறகு கம்பியூட்டரில் என்ன செய்தாலும் தோலின் நிறம் திரும்பாது.

முஸ்லிம் வீடுகளுக்குப் போனால் ஒழுங்கு வேறு. காத்தான்குடி, ஏறாவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று எங்கே என்றாலும், பெண்கள் பக்கத்துக்குப் பெண் ஒருவர் படம் எடுப்பதுதான் முறை. உங்களோடு சேர்ந்து வேலை செய்ய ஒரு சகோதரியைப் பழக்கி வையுங்கள், நமது ஊர்களில் இந்த வேலைக்கு நல்ல எதிர்காலம் இருக்கிறது. நிக்காஹ் நேரம் பொம்பிளையின் வாப்பாவும் மாப்பிள்ளையும் கையைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். எல்லாரும் முகத்தை எடுக்கிற அந்த இடத்தில் கையை எடுங்கள். ஒன்று வயலிலோ கடையிலோ உழைத்துக் காய்த்த கை, மற்றது நடுங்குகிற இளம் கை. சஹன் சாப்பாட்டை மேலிருந்து எடுத்தால் ஒரே தட்டை நோக்கி நாலா பக்கமும் இருந்து நீளுகிற கைகள் கிடைக்கும். சில குடும்பங்கள் பொம்பிளையின் படம் வெளியே போகக்கூடாது என்பார்கள். அதை எழுத்தில் எழுதிக் கொடுத்து, மெமரி கார்ட்டையே அவர்களிடம் ஒப்படைத்துவிட்டு வாருங்கள். உங்கள் பக்கத்தில் விளம்பரத்துக்குப் போட ஒரு படம் குறையும், அந்தக் குடும்பத்தின் அடுத்த கலியாணம் உங்களுக்கு வரும்.

மட்டக்களப்பு நகரில், போர்த்துக்கேய, ஒல்லாந்த வழிவந்த பறங்கியர் வீட்டுக் கலியாணம் ஒன்று கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். கஃப்ரிஞ்ஞா ஆட்டம் தொடங்கினதும் ஷட்டரை 1/15க்கு இறக்கி, ஷட்டர் மூடுகிற கணத்தில் ஃபிளாஷ் அடிக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். சுழல்கிற பாவாடை இழுபட்டு, முகம் மட்டும் கூர்மையாக நிற்கும்.

வெளியிடத்துப் படங்களுக்கு வருவோம். பாசிக்குடாவில் ஒரு பிழையும் இல்லை, அவர்கள் இரண்டு பேருக்கும் அங்கே ஒரு கதை இருந்தால். இல்லாவிட்டால் அவர்களுடைய இடத்துக்குப் போங்கள். மாப்பிள்ளை மண்டூர், பொம்பிளை குருமண்வெளி என்றால், வாவியைக் கடக்கிற பாதையில், அதாவது ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றுகிற மிதவையில், மோட்டார்சைக்கிள்களுக்கும் சந்தைக்குப் போகிற ஆட்களுக்கும் நடுவில் அவர்களை நிறுத்துங்கள். கலியாணம் பேச வந்தவர்களும் அந்தப் பாதையில்தான் வந்திருப்பார்கள். வயல்காரக் குடும்பம் என்றால் தை மாசிக் கலியாணத்துக்குப் பெரும்போக அறுவடை கைகொடுக்கும். நெற்கதிர்ச் சூடு குவிந்த களத்தில், நெல்லின் நிறத்தில் வருகிற பின்னேர வெளிச்சத்தில் எடுங்கள். மருதமுனைக்காரர் என்றால் தறிக்குப் பக்கத்தில். இரண்டு பேரும் ஒரே ரியூசன் கொட்டிலில் படித்துக் காதலித்தவர்கள் என்றால் அந்தக் கொட்டிலின் வாங்கில். மீன்பிடிக் குடும்பம் ஒன்றில், நிலவுநாளில் துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணிக்குள் விட்டு மறுநுனியைக் காதில் வைத்துப் பாடும் மீனைக் கேட்கிற விதத்தை மாப்பிள்ளையின் அப்பப்பா பொம்பிளைக்குச் சொல்லிக் கொடுப்பதை எடுத்தால் அது அழகு. வாடகைக்குத் துடுப்பு வாங்கி யாரையும் அப்படி நிறுத்தாதீர்கள்.

நமக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. கல்லடிக் கடலில் சூரியன் எழும்புகிறது, சில நிமிட நடையில் வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் விழுகிறது. ஆனால் விழுந்த பிறகு நல்ல வெளிச்சம் 20 நிமிடம் போலத்தான் நிற்கும். உடுப்பு மாற்றுவது, பூ வைப்பது எல்லாம் அதற்கு முன் முடிந்திருக்க வேண்டும். வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பின்னேரம் கரையோரம் சாரியையும் தலைமுடியையும் சமாளிக்க ஏலாது, அந்த நாட்களில் விடியற்காலையை எடுத்துக்கொள்ளுங்கள்.

ட்ரோன் இப்போது வேண்டாம். பறக்கவிட சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் அனுமதி வேண்டும், திமிலைதீவில் விமான நிலையம் இருப்பதால் நகரத்தைச் சுற்றி இன்னும் கவனம் வேண்டும். அதைவிட முக்கியம், மேலிருந்து பார்த்தால் எல்லாக் கலியாண வீடும் ஒரே பந்தலாகத்தான் தெரியும். அந்தக் காசுக்கு இரண்டு கார்ட் போடக்கூடிய கமரா ஒன்றைப் பாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டு கார்ட்டிலும் படம் பதியட்டும், அன்று இரவே வன்தட்டு ஒன்றிலும் ஏற்றி வையுங்கள். தொலைந்த அல்பங்களின் கதை தெரிந்த ஊர் இது.

அப்புறம், அல்பத்தை ஒப்படைக்கிற நாளில் சின்ன அளவில் கொஞ்சப் படங்களைத் தனியாக அச்சடித்து எடுத்துப் போங்கள். குரவை போட்ட பெரியம்மாவுக்கு ஒன்று, ஏழாவது வரிசையில் இருந்த ரீச்சருக்கு ஒன்று, மாப்பிள்ளையின் தாய்க்கு ஒன்று. மாப்பிள்ளையின் தாய்க்கு உரியதை மகனிடம் கொடுத்தனுப்பாமல், அவருடைய வீட்டுக்கே நீங்கள் போய்க் கொடுங்கள்.